கட்டைவிரல் போன கைக்குக் கால் விரல்: எதை எடுப்பது, எது கிடைக்கும், எது போகும்

பவர் பிரஸ்ஸில் வலது கட்டைவிரலை இழந்த 28 வயதுத் தம்பிக்காகக் கேட்டிருக்கிறீர்கள். விரல் நசுங்கிப்போனதால் திரும்ப ஒட்ட முடியவில்லை. நான்கு மாதம் ஆகிறது, புண் ஆறிவிட்டது. எக்ஸ்ரேயில் நடு மூட்டைத் தாண்டி 1 செ.மீ. அளவுக்கு எலும்பு நிற்கிறது. கால் விரலை எடுத்து வைக்கலாம் என்று ஒரு மருத்துவர் சொல்லியிருக்கிறார். இது நிஜமாகவே பலன் தருமா, கால் பெருவிரலா இரண்டாம் விரலா, பிறகு நடக்க முடியுமா, கை பழையபடி ஆகுமா என்பவை உங்கள் கேள்விகள்.

பலன் தரும். நீங்கள் சொல்லும் அளவில் விரல் போயிருந்தால் இந்த அறுவைக்கு அதைவிடப் பொருத்தமான நிலை அதிகம் இல்லை. நடப்பது கெடாது. கை பழையபடி ஆகாது, ஆனால் வேலைக்கு ஆகும் கை கிடைக்கும். நிறையப் பேர் "வைத்த விரல் பிழைக்குமா" என்பதையே கவலையாக வைத்திருக்கிறார்கள். பழகிய மையங்களில் 100இல் 95க்கு மேல் பிழைத்துவிடுகிறது. பிழைத்த விரல் உபயோகமான கட்டைவிரலாக மாறுமா என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். அதைத் தீர்மானிப்பவை மூன்று: கையில் என்ன மிச்சம் இருக்கிறது, எந்தக் கால் விரலை எப்படி எடுக்கிறார்கள், பிறகு வரும் ஆறு மாத பிசியோதெரபி.

முதலில் கையில் இருப்பதைப் பார்ப்போம். கையின் செயல்பாட்டில் 40 சதவீதத்தைக் கட்டைவிரலுக்குக் கணக்கு வைப்பது மருத்துவ மதிப்பீட்டில் வழக்கம். நம் தொழிலாளர் இழப்பீட்டு அட்டவணையிலும் கட்டைவிரல் போனால் 30 சதவீதம், உள்ளங்கைக்குள் இருக்கும் அதன் எலும்பும் சேர்ந்து போனால் 40 சதவீதம் வருமான இழப்பு என்று இருக்கிறது. அந்தக் கூடுதல் 10 சதவீதத்துக்குக் காரணம் உண்டு. கட்டைவிரலில் மூன்று மூட்டுகள்: மணிக்கட்டை ஒட்டிய அடிமூட்டு, நடுமூட்டு, நகத்துக்குக் கீழே நுனிமூட்டு. விரலை மற்ற நான்கு விரல்களுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்துவது அடிமூட்டும், உள்ளங்கையின் மேட்டில் இருக்கும் சின்னத் தசைகளும்தான். மேலே உள்ள இரண்டு மூட்டுகளும் விறைத்துப்போனால்கூட அடிமூட்டு நன்றாக இருந்தால் ஒருவர் பேனா பிடிப்பார், ஸ்பேனர் பிடிப்பார். அடிமூட்டு போய்விட்டால் நுனியில் எவ்வளவு அழகான விரலை வைத்தாலும் அது அசையாத முளை மாதிரி நிற்கும்.

அதனால் எந்த இடத்தில் வெட்டுப்பட்டது என்பதை வைத்தே வைத்தியம் மாறுகிறது. நுனிமூட்டுக்கு மேலே மட்டும் போயிருந்தால் கால் விரல் அவசியமே இல்லை, தோலை நகர்த்தி நுனியை மூடினால் போதும். நகம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு மட்டும் கால் பெருவிரலின் நுனியை எடுத்து வைக்கிறார்கள். நுனிமூட்டுக்கும் நடுமூட்டுக்கும் இடையே போயிருந்தால் கால் விரல் மிக நல்ல தேர்வு. நடுமூட்டே போயிருந்தாலும் செய்யலாம். உள்ளங்கை எலும்பும் பாதி போயிருந்தால் இரண்டாம் கால் விரலைப் பாதத்து எலும்போடு நீளமாக எடுக்க வேண்டிவரும். அடிமூட்டோடு எல்லாம் போயிருந்தால் ஆள்காட்டி விரலையே நகர்த்திக் கட்டைவிரலாக்குவதுதான் மேல். பிறவியிலேயே கட்டைவிரல் இல்லாத குழந்தைகளுக்கும் ஆள்காட்டி விரலை நகர்த்துவதையே செய்கிறார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அடிமூட்டும் தசைநாணும் நரம்பும் உருவாகியே இருக்காது, கால் விரலைக் கொண்டுவந்தால் எதோடு இணைப்பது? கருப்பையில் நார்ப் பட்டை இறுக்கி விரல் துண்டான குழந்தைகளுக்கு வெட்டுக்குக் கீழே எல்லாமே ஒழுங்காக இருக்கும். அவர்களுக்குக் கால் விரல் வைக்கலாம், அது வளரவும் செய்யும்.

உங்கள் தம்பிக்கு நடுமூட்டும் அதற்கு மேல் 1 செ.மீ. எலும்பும் இருக்கிறது. இரண்டு இயற்கை மூட்டுகள் அப்படியே கிடைக்கின்றன, மேட்டுத் தசைகளும் இருக்கின்றன. இதைத்தான் நல்ல நிலை என்றேன்.

கால் விரல் இல்லாத வழிகளையும் சொல்லிவிடுகிறேன், மருத்துவர் இவற்றைச் சொல்லாமல் விட்டிருந்தால் கேளுங்கள். எலும்பை வெட்டி வெளியே ஒரு கம்பிச் சட்டம் பொருத்தி, நாளுக்கு 1 மி.மீ. வீதம் இழுத்து நீட்டுவது ஒன்று. 3 செ.மீ. வரை நீளும், காலில் கை வைக்க வேண்டாம், ஆனால் நகமும் நுனிமூட்டும் கிடைக்காது, சட்டத்தோடு மாதக்கணக்கில் இருக்க வேண்டும். இடுப்பெலும்புத் துண்டை நட்டு, தொடை இடுக்குத் தோலால் சுற்றி மூடுவது இன்னொன்று. இதில் உணர்ச்சி இருக்காது, வேறொரு விரலிலிருந்து நரம்போடு சேர்ந்த தோல் துண்டைக் கொண்டுவந்தால்தான் வரும். நட்ட எலும்பு சில ஆண்டுகளில் கரைந்து மெலியவும் செய்யும். சிலிக்கோன் விரல் பார்க்க அச்சாக இருக்கும், திருகாணியைப் பிடிக்க உதவாது. எதுவுமே செய்யாமல் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை மட்டும் ஆழமாக்கிக்கொள்வதும் ஒரு வழிதான். வயதானவர்களுக்கு, சர்க்கரை அதிகம் உள்ளவர்களுக்கு, கால் ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கு அதுவே நியாயமான வழி.

இந்த யோசனை புதியதல்ல. 1898இல் ஆஸ்திரியாவில் கார்ல் நிக்கோலடோனி என்ற சர்ஜன் கால் விரலைக் கைக்கு மாற்றினார். அப்போது ரத்தக்குழாயைத் தைக்க வழியில்லாததால் கையையும் காலையும் சேர்த்துக் கட்டி, கையிலிருந்து விரலுக்குள் புது ரத்தக்குழாய் ஊடுருவும் வரை வாரக்கணக்கில் படுக்க வைத்தார்கள். அறுவை மைக்ராஸ்கோப் வந்த பிறகுதான் இது நடைமுறைக்கு வந்தது. 1965இல் ஜப்பானின் நாராவில் முற்றிலும் துண்டான கட்டைவிரலை ஒட்டினார்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் ஹாரி பங்கி குரங்குகளில் கால் பெருவிரலைக் கைக்கு மாற்றிக் காட்டினார். மனிதருக்கு, 1966இல் ஷாங்காயில் யாங் டோங்யூ இரண்டாம் கால் விரலையும், 1968இல் இங்கிலாந்தில் ஜான் காபெட் கால் பெருவிரலையும் கட்டைவிரலாக மாற்றினார்கள். பிறகு பெரிய முன்னேற்றம் தைவானிலிருந்து வந்தது, அது கீழே வரும்.

எந்த விரல் என்பதுதான் சர்ஜன்கள் மத்தியிலேயே வாதம் நடக்கும் இடம்.

கால் பெருவிரலை முழுதாக எடுத்தால் பலமான, அகன்ற, நல்ல நகமுள்ள கட்டைவிரல் கிடைக்கும். கட்டைவிரல் போலவே இரண்டு கணுக்கள், அதாவது விரலெலும்புத் துண்டுகள். குறை என்னவென்றால் பருமன். கைக் கட்டைவிரலைவிட அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதிக அகலம், கையில் வைத்ததும் துருத்திக்கொண்டு தெரியும். இதற்குத்தான் தைவானின் சாங் குங் மருத்துவமனையில் ஃபூ-சான் வெய் 1980களில் செதுக்கிய பெருவிரல் முறையைக் கொண்டுவந்தார். மறு கையின் நல்ல கட்டைவிரலில் மூன்று இடங்களில் சுற்றளவு எடுப்பார்கள்: நகத்தின் அடியில், நுனிமூட்டில், கீழ்க் கணுவின் நடுவில். கால் பெருவிரலிலும் அதே மூன்று இடங்கள். எவ்வளவு வித்தியாசமோ அந்த அகலத்துக்கு, பெருவிரலின் உள்பக்கத்திலிருந்து ஒரு தோல் பட்டையைக் காலிலேயே விட்டுவிடுவார்கள். பிறகு மூட்டின் உள்பக்கப் புடைப்பில் 4 முதல் 6 மி.மீ., எலும்புத் தண்டில் 2 முதல் 4 மி.மீ. வரை நீளவாக்கில் ரம்பத்தால் சீவி, மூட்டு உறையையும் பக்கத் தசைநாரையும் இறுக்கித் தைப்பார்கள். நகத்தையும் தேவைப்பட்டால் குறுக்குவார்கள். பார்க்கக் கட்டைவிரல் போலவே ஆகிவிடும். இதற்கு விலையாக நுனிமூட்டின் மடங்கும் திறன் கொஞ்சம் குறையும். காலில் விட்ட தோல் பட்டை வீணல்ல, காலில் உள்ள புண்ணை மூட அதுதான் பயன்படும்.

மூன்றாவது வகை, மெல்பர்னில் வெய்ன் மாரிசன் குழு 1980இல் எழுதிய போர்த்து முறை. பெருவிரலின் தோல், நகம், நுனிச் சதை மட்டும் உறை போல எடுத்து, கையில் உள்ள எலும்பின் மேல் அல்லது இடுப்பெலும்புத் துண்டின் மேல் சுற்றுவது. மோதிரம் மாட்டியோ உருளையில் சிக்கியோ தோல் மட்டும் உரிந்துபோய் எலும்பும் மூட்டும் நிற்பவர்களுக்கு இது அற்புதம். எலும்பே இல்லாதவருக்குச் செய்தால் நுனிமூட்டு அசையாது.

இரண்டாம் கால் விரலை எடுத்தால் காலில் குறை தெரியாது, பக்கத்து விரல்கள் நெருங்கி இடத்தை மூடிக்கொள்ளும். கையில்தான் குறை. மெல்லிய கழுத்து, உருண்டை நுனி, சின்ன நகம். மூன்று கணு இருப்பதால் நாளடைவில் நுனி மடங்கிக் கொக்கி போல ஆகப் பார்க்கும். அதைத் தடுக்க மூட்டுகளை நீட்டிய நிலையில் கே-வயர் என்ற மெல்லிய எஃகுக் கம்பி போட்டு 4 முதல் 6 வாரம் வைப்பார்கள், சிலர் கடைசி மூட்டை நிரந்தரமாக இணைத்துவிடுவார்கள். பிடிக்கும் பலமும் பெருவிரலைவிடக் குறைவு.

உடல் உழைப்பில் இருப்பவர், வலது கை, கீழ்க் கணுவின் அடி மிச்சம் என்ற உங்கள் தம்பியின் கணக்கில் நான் செதுக்கிய பெருவிரலையே முதலில் வைப்பேன். ஆனால் இது கையை மட்டும் வைத்துச் சொல்வது. நம் ஊரில் காலைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கிறது. பெருவிரல் முழுதாகப் போனால் ரப்பர் செருப்பின் வார் நிற்காது. வார் பிடித்துக்கொள்வதே பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில்தான். ஒரு பக்கம் இல்லையென்றால் நடக்கும்போது செருப்பு பக்கவாட்டில் நழுவி ஓடும். பின்பட்டை வைத்த சாண்டலோ ஷூவோ வாழ்நாள் முழுக்க வேண்டும். வயலில் வெறுங்காலோடு சேற்றில் இறங்குபவர், வரப்பில் ஓடுபவர் என்றால் இதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். பெண்களுக்கு எதிர்ப்பக்கம் ஒரு சிக்கல்: மெட்டி போடுவது இரண்டாம் விரலில். "அந்த விரலை மட்டும் எடுக்காதீர்கள்" என்று கேட்பவர்கள் உண்டு, அது கேட்கக்கூடாத கேள்வியும் அல்ல.

அறுவைக்கு முன் பார்க்க வேண்டியவை. கை, கால் இரண்டுக்கும் எக்ஸ்ரே. பாதத்தின் மேலே நாடித் துடிப்பு கிடைக்கிறதா என்று டாப்ளர் (ஒலியலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் சோதனை). காலில் பழைய அடி, சர்க்கரை, நாடி தெரியாமை இருந்தால் ஆஞ்சியோகிராம். இல்லாவிட்டால் எல்லோருக்கும் தேவையில்லை. விரலிடுக்கில் சேற்றுப்புண்ணோ நகத்தில் பூஞ்சையோ இருந்தால் அதை ஆற்றிய பிறகே அறுவை. பீடி, சிகரெட் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே நிறுத்த வேண்டும். "இரண்டு நாள் விட்டேன்" என்பது போதாது. நிகோட்டின் 1 மி.மீ. குழாயைச் சுருக்கிவிடும், தைத்தது எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் ரத்தம் ஓடாது. வெறும் வாயில் போடும் புகையிலையும் இதே கணக்குத்தான்.

கையில் தோல் போதுமா என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். பிரஸ்ஸில் நசுங்கிய கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே உள்ள சவ்வு தழும்பாகி இறுகியிருக்கும். அதற்கும் சேர்த்துக் காலிலிருந்தே தோலை எடுக்கப் போனால் பாதத்தில் ஆறாத புண் நிற்கும். முதலில் தொடை இடுக்குத் தோலைக் கையில் வைத்து, 3 வாரம் கையை இடுப்போடு ஒட்டி வைத்துப் பிரித்து, சில மாதம் கழித்துக் கால் விரல் வைப்பது நல்லது. இரண்டு அறுவை என்பதால் மருத்துவர் பணத்துக்காகச் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

அறுவை அன்று இரண்டு குழு ஒரே நேரத்தில் வேலை செய்யும், ஒன்று கையில், ஒன்று காலில். 6 முதல் 8 மணி நேரம். பெருவிரல் என்றால் பெரும்பாலும் அதே பக்கக் காலிலிருந்து எடுப்பார்கள். வலது பெருவிரலை வலது கையில் வைத்தால் ரத்தக்குழாய் இருக்கும் பக்கம் ஆள்காட்டியை நோக்கி வரும், செதுக்கிய பக்கத்துத் தழும்பு வெளிப்பக்கம் போகும், பிடிக்கும் பக்கத்தில் தழும்பு வராது.

காலில் முதல் வேலை, பெருவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் இடையே உள்ள இடுக்கில் ரத்தக்குழாயைத் தேடுவது. பாதத்தின் மேலிருந்து வரும் குழாய் பெரிதா, அடியிலிருந்து வருவது பெரிதா என்பது ஆளுக்கு ஆள் மாறும். மேற்குழாய் பெரிதாக இருப்பவர்களே அதிகம், ஆனால் சிலருக்கு அது நூலாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. இடுக்கில் தொடங்கிப் பின்னோக்கிப் பிரித்துக்கொண்டே போனால் எது பெரியது என்று தானே தெரிந்துவிடும். மேலிருந்து கீழாகப் பிரித்து, கடைசியில் குழாய் சின்னது என்று தெரிந்துகொள்வது பழைய காலத் தவறு. அடிக்குழாய் பெரிதானால் அதை ஆழம் வரை துரத்தாமல், கொஞ்ச நீளத்தோடு வெட்டி, கால் சிரையின் ஒரு துண்டை நடுவில் வைத்து நீட்டித் தைப்பதே பாதத்துக்கு நல்லது.

ரத்தக்குழாய், சிரை, மேலும் கீழும் உள்ள தசைநாண்கள், அடியில் இரண்டு நரம்புகள், மேலே ஒரு நரம்பு, இவை எல்லாம் பிரிந்ததும் உடனே வெட்டமாட்டார்கள். ரத்தத்தை நிறுத்தக் கட்டிய டூர்னிக்கே பட்டையை அவிழ்த்துவிட்டு விரலுக்கு 20, 30 நிமிடம் ரத்தம் ஓட விடுவார்கள். சிவந்து சூடானால் எடுத்த குழாய் சரி என்று அர்த்தம். எலும்பை வெட்டும்போது பெருவிரலின் கீழ்க் கணு அடியில் குறைந்தது 1 செ.மீ. காலில் விட வேண்டும். பாதத்தின் முன்பந்து எலும்பைத் தொடவே கூடாது. உந்தி நடக்கும் பலம் அந்த 1 செ.மீ.யையும் பந்து எலும்பையும் நம்பி இருக்கிறது.

கையில் வைக்கும் வரிசை இது. முதலில் எலும்பு: கே-வயர், கம்பிச் சுற்று அல்லது சின்ன பிளேட். இங்கே திசைதான் உயிர். புது விரலின் நுனிச் சதை ஆள்காட்டி, நடுவிரல் நுனிகளைப் பார்க்க வேண்டும். நகம் மற்ற நகங்களுக்கு ஏறக்குறைய செங்கோணத்தில் திரும்பியிருக்க வேண்டும். 15, 20 பாகை தவறினாலும் பிடிப்பது விரலின் பக்கவாட்டில் போய்விடும், பிறகு எலும்பை வெட்டித் திருப்ப இன்னொரு அறுவை. நீளத்தில் சற்றுக் குட்டையாக இருந்தால் பரவாயில்லை, நீளமாக இருந்தால்தான் தொந்தரவு. அடுத்து தசைநாண்கள். நீட்டும் நாணை நீட்டும் நாணோடும், மடக்கும் நாணை மணிக்கட்டருகே மடக்கும் நாணோடும் ஊடுபாவாகப் பின்னித் தைப்பார்கள். பிரஸ்ஸில் விரல் நசுங்கிப் பிய்ந்தவர்களுக்கு மடக்கும் நாண் தசையிலிருந்தே உருவப்பட்டிருக்கலாம். அப்படியானால் மோதிர விரலின் ஒரு நாணை இரவல் வாங்க வேண்டும். பிறகு நரம்புகள். கையில் உள்ள நரம்பு முனைகளில் முடிச்சு விழுந்திருக்கும், நல்ல இழைகள் தெரியும் வரை வெட்டிவிட்டுத் தைக்காவிட்டால் விரல் உயிரோடு இருந்தும் மரத்தே கிடக்கும். கடைசியில் மைக்ராஸ்கோப்புக்குக் கீழே ரத்தக்குழாய்கள்: மணிக்கட்டின் வெளிப்பக்கக் குழியில் ஓடும் ரேடியல் தமனியோடு தமனியும், பக்கத்துச் சிரையோடு சிரையும். தைப்பது 9-0, 10-0 எண் நைலான் நூலால். 10-0 நூலின் தடிமன் 0.03 மி.மீ.க்கும் குறைவு.

தோலை மூடும்போது அவசரம் கூடாது. மணிக்கணக்கில் நின்ற குழு, கடைசிக் கால் மணி நேரத்தில் தோலை இழுத்துத் தைத்துவிட்டால், மறுநாள் வீக்கம் வந்ததும் சிரை அமுங்கி விரல் கறுக்கும். இழுவை இருந்தால் அந்த இடத்தில் மெல்லிய தோல் ஒட்டு வைத்துவிடுவதே சரி, அழகைப் பிறகு பார்க்கலாம்.

பிறகு முதல் 72 மணி நேரம். முதல் ஒன்றிரண்டு நாள் மணிக்கொரு முறை நர்ஸ் வந்து விரலைப் பார்ப்பார். நீங்களும் கூடவே இருப்பீர்கள் என்பதால் எதைப் பார்க்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். நுனியை அழுத்தி விட்டால் வெளுத்துச் சுமார் 2 விநாடியில் சிவக்க வேண்டும். வெளுத்துச் சில்லென்று, சதை தொய்ந்து, சிவப்பு திரும்பாமல் இருந்தால் தமனி அடைத்திருக்கிறது. நீலம் பாரித்து, வீங்கி, அழுத்தி விட்டதும் சட்டென்று நிறம் திரும்பினால் சிரை அடைப்பு. சந்தேகம் வந்தால் ஊசியால் குத்திப் பார்ப்பார்கள். பளிச்சென்ற சிவப்பு ரத்தம் மெதுவாகத் துளிர்த்தால் நலம்; கறுத்த ரத்தம் வேகமாக வழிந்தால் சிரை; எதுவுமே வராவிட்டால் தமனி. வெப்பமானி ஒட்டியிருந்தால் 30 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போவதும், பக்கத்து விரலைவிடத் திடீரென்று 2, 3 டிகிரி இறங்குவதும் எச்சரிக்கை. நடு இரவானாலும் ட்யூட்டி டாக்டரை எழுப்பச் சொல்லுங்கள். ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவரைத் திரும்பத் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டிவருகிறது. சில மணி நேரத்துக்குள் திறந்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம், விடியட்டும் என்று காத்திருந்தால் முடியாது. அறையில் ஏசி வேண்டாம், உடம்பு சூடாக இருக்க வேண்டும், வலி அடங்கியிருக்க வேண்டும், உடம்பில் நீர்ச்சத்து குறையக்கூடாது, பார்க்க வருபவர்கள் பக்கத்தில் சிகரெட் வாசனையோடு வரக்கூடாது. காபி கூடாது என்று பல வார்டுகளில் சொல்வார்கள், அதற்கு ஆதாரம் பலமாக இல்லை என்றாலும் ஒரு வாரம் காபி இல்லாமல் யாரும் செத்துவிடப்போவதில்லை.

கால் விஷயம். பலரும் கையைக் கவனித்துக் காலை மறந்துவிடுகிறார்கள், ஆனால் வீட்டுக்குப் போன பிறகு தொல்லை தருவது அதிகமும் கால் புண்தான். விரலிடுக்கில் தசைநாண் மேல் வைத்த தோல் ஒட்டு பிடிக்காமல் போகும், ஓரம் கறுக்கும். முதல் 10 நாள் காலைத் தொங்கவிடக்கூடாது. ஒன்றிரண்டு வாரத்துக்குப் பிறகு குதிகாலை ஊன்றி நடக்கலாம். 6 முதல் 8 வாரத்தில் சாதாரணமாக ஷூ போட்டு நடப்பார். படி ஏறலாம், பைக் ஓட்டலாம், குந்தி உட்காரலாம். குறைவது வேகமாக ஓடும்போது உந்தும் பலம். எடை இரண்டாம், மூன்றாம் விரல்களின் அடிக்கு நகர்வதால் அங்கே காய்ப்பு ஏறலாம், மெத்தென்ற இன்சோல் போட்டால் சமாளிக்கலாம்.

பிசியோதெரபி பெரும்பாலும் ஐந்து கட்டமாகப் போகும். முதல் 3 நாள் அசைக்காமல் பாதுகாப்பு. 4ஆம் நாளிலிருந்து 4ஆம் வாரம் வரை தெரபிஸ்ட் தன் கையால் மெதுவாக மூட்டுகளை அசைப்பது. 5, 6ஆம் வாரங்களில் தம்பியே மடக்கி நீட்டுவது. கே-வயரை இதற்குள் எடுத்திருப்பார்கள். 7, 8ஆம் வாரங்களில் சட்டைப் பட்டன், சீப்பு, டம்ளர், சாவி என்று வீட்டு வேலைகள். அதன் பிறகு தொழிலுக்கான பயிற்சி: ஸ்க்ரூடிரைவர், ஸ்பேனர், எடை தூக்குவது. இரவில் விரலிடைவெளி சுருங்காமல் ஸ்பிளின்ட் என்ற தாங்குபட்டை. இலகுவான வேலைக்கு மூன்று மாதத்திலும், கனமான வேலைக்கு நான்கிலிருந்து ஆறு மாதத்திலும் திரும்பலாம்.

உணர்ச்சி வரும் வேகத்தை யாராலும் கூட்ட முடியாது. நரம்பு நாளுக்குச் சுமார் 1 மி.மீ. வளரும். சூடு, குத்தல் தெரிய 3 முதல் 6 மாதம். அதுவரை சுடு பாத்திரமும் சால்டரிங் அயர்னும் ஆபத்து, கொப்பளம் வந்த பிறகுதான் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு பொருளைத் தடவி இன்னதென்று சொல்லும் பயிற்சியைத் தினமும் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் ஒரு வருடம் கழித்து நல்ல வித்தியாசம் தெரியும். இரண்டு முனைகளைத் தனித்தனியாக உணரும் தூரம் இயற்கைக் கட்டைவிரலில் 3 முதல் 5 மி.மீ.; மாற்றிய விரலில் பெரியவர்களுக்குப் பொதுவாக 8 முதல் 12. காசை எண்ணப் போதும், ஊசியில் நூல் கோக்கச் சிரமம். குளிரில் விரல் வலித்து வெளுப்பது ஓரிரு வருடம் இருக்கும். பிடிக்கும் பலம் மறு கையோடு ஒப்பிட்டால் பாதிக்கு மேல், நன்றாக அமைந்தால் முக்கால் பங்கு.

இரண்டாவது சின்ன அறுவை தேவைப்பட்டால் அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். நாண் ஒட்டிக்கொண்டு மடங்காமல் போனால் ஆறு மாதத்துக்குப் பிறகு அதைப் பிரித்துவிடுவார்கள். நுனிச் சதை பருத்திருந்தால் குறைப்பார்கள். எலும்பு சேராவிட்டால் எலும்புத் துண்டு வைத்துப் பிளேட் போடுவார்கள்.

ஒரு சில்லறை விஷயம், ஆனால் கேட்பார்கள்: புது விரலில் ரேகை உண்டு, கால் விரலின் ரேகை. ரேஷன் கடை மெஷின் பழைய பதிவோடு ஒப்பிட்டு நிராகரிக்கும். ஆதார் மையத்தில் கைரேகையைப் புதுப்பிக்கும் வரை வேறு விரலை வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி இ.எஸ்.ஐ.யில் இருந்தால் அங்கிருந்தே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பக் கேளுங்கள். விபத்து அறிக்கையும் எக்ஸ்ரேக்களும் பத்திரம். தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் பெயர் பெற்றவை சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவைப் பிரிவும், கோவை கங்கா மருத்துவமனையும். எங்கே போனாலும் சர்ஜனிடம் இவற்றைக் கேளுங்கள்: வருடத்துக்கு எத்தனை கால் விரல் மாற்றம் செய்கிறீர்கள்? இரவு ரத்தம் நின்றால் திரும்பத் திறக்கக் குழு இருக்குமா? கால் பெருவிரலின் கீழ்க் கணுவில் எவ்வளவு எலும்பை விடுவீர்கள்? கையில் தோல் போதுமா, முன்கூட்டியே ஃபிளாப் (தொடை இடுக்குத் தோல்) வேண்டுமா? கைக்கென்று தனித் தெரபிஸ்ட் இருக்கிறாரா? கடைசிக் கேள்விக்கு "வீட்டிலேயே பந்து அமுக்கச் சொல்லுவோம்" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். நான்கு மாதம் ஆகிவிட்டதே என்று பதற வேண்டாம், ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் செய்கிறார்கள். ஆனால் அதுவரை மிச்சமிருக்கும் கட்டைவிரல் அடியைத் தினமும் விரித்து வைக்கும் பயிற்சியை இன்றே தொடங்கச் சொல்லுங்கள், அந்த இடைவெளி சுருங்கிவிட்டால் எந்த விரலை வைத்தாலும் டம்ளர் அதற்குள் நுழையாது.